இனிப்பு தங்காத பீர் (கடிதமும் பதிலும்)

அன்புள்ள அண்ணா,

வேலைக்காகப் பிரஸ்ஸல்ஸ் வந்து ஏழு மாதம் ஆகிறது. ஊரில் இருந்தவரை பீர் என்றால் சில்லென்று இருக்க வேண்டும், அதற்கு மேல் எனக்கு ஒன்றும் தெரியாது. இங்கே அலுவலக நண்பர் ஒருவர், பெல்ஜியத்தின் தென்பகுதியான வாலோனியாக்காரர், "இது எங்கள் பக்கத்துப் பீர்" என்று ஒரு செஸோன் வாங்கித் தந்தார். மிளகு போட்டிருக்கிறார்களா, எலுமிச்சைத் தோல் போட்டிருக்கிறார்களா, புளிக்கிறதா கசக்கிறதா, எதுவும் பிடிபடவில்லை. அவர் என்னவென்றால் "ட்ரை, ட்ரை" என்று கண்ணை மூடிக்கொள்கிறார். தண்ணியாக இருக்கிற ஒன்று எப்படி ட்ரை ஆகும்?

அப்புறம் நானே ஒரு கடையின் கண்ணாடி அலமாரியிலிருந்து பச்சைப் புட்டியில் இரண்டு வாங்கினேன். ஒன்றைத் திறந்தால் ஒரு நாற்றம், முழுதாகக் குடிக்க முடியவில்லை. கெட்டுப்போனதா, இல்லை அதன் குணமே அதுதானா? இன்னொன்று ஜன்னலோரத்தில் நிற்கிறது, திறக்கப் பயமாக இருக்கிறது. கடைசியாக ஒன்று. வயலில் வேலை செய்தவர்கள் குடித்த பீர் என்கிறார்கள், புட்டியிலோ 6.5 சதவீதம் என்று போட்டிருக்கிறது. இதைக் குடித்துவிட்டு எப்படி அறுவடை செய்தார்கள்?

பெயர் வேண்டாம் அண்ணா, அம்மா உங்கள் தளத்தைப் படிக்கிறார்.

*

அன்புள்ள தம்பி,

பெயரை எடுத்துவிட்டேன். ஆனால் பிரஸ்ஸல்ஸ், ஏழு மாதம், வாலோனிய நண்பர் எல்லாம் அப்படியே இருக்கிறது, ஒரு அம்மாவுக்கு இதற்கு மேல் என்ன துப்பு வேண்டும்? அது உங்கள் பாடு.

கடைசிக் கேள்விதான் இருப்பதில் நல்ல கேள்வி, அதிலிருந்தே ஆரம்பிக்கிறேன். ஆறரை சதவீதப் பீரை நாள் முழுக்கத் தாகத்துக்குக் குடித்துக்கொண்டு அரிவாள் பிடித்தால் விரல் மிஞ்சாது. அப்படி யாரும் குடிக்கவில்லை. செஸோன் என்றால் பிரெஞ்சில் பருவம் (கடைசி 'ன்' மூக்குக்குள் போய்விட வேண்டும், நாக்கு நுனி மேலே தொடக்கூடாது). பெல்ஜியத்தின் பிரெஞ்சு பேசும் தென்பகுதியில் எனோ என்று ஒரு மாகாணம், எழுத்தைப் பார்த்தால் ஹைனாட் என்று வாசிக்கத் தோன்றும். அங்கே பண்ணைகளில் குளிர்காலத்தில் காய்ச்சி வைத்து, கோடையில் பருவ வேலைக்கு வருகிற கூலியாட்களுக்குக் கொடுத்த பீர் என்பதுதான் எல்லோரும் சொல்லும் கதை. கதையில் நியாயம் இருக்கிறது. குளிர்சாதனம் வருவதற்கு முந்தைய காலத்தில் கோடையில் காய்ச்சினால் வேண்டாத பாக்டீரியா புகுந்து பீர் காடியாகிவிடும். குளிர்காலத்தில் வயலில் வேலை இல்லை, ஆட்கள் சும்மா இருக்கிறார்கள், பீர் வடித்த பிறகு மிஞ்சும் தானியச் சக்கை மாட்டுக்குத் தீவனம். இதே சிக்கலுக்கு ஜெர்மனியின் பவேரியாக்காரர்கள் 1553-ல் சட்டம் போட்டே கோடைக்காலக் காய்ச்சலைத் தடைசெய்தார்கள், பீரைக் குளிர்ந்த நிலவறைகளில் வைத்து லாகர் என்கிற வழியில் போனார்கள். எனோ பண்ணைக்காரருக்கு அந்த வசதி இல்லை. ஹாப்ஸ் என்ற கசப்புப் பூவைக் கூடுதலாகப் போட்டார், சர்க்கரை மிச்சமில்லாமல் நொதிக்க விட்டார். கெடுக்க வருகிற கிருமிக்குத் தின்ன ஒன்றும் இருக்கக்கூடாது, அதுதான் கணக்கு.

அந்த வயல் பீர் 3, 3.5 சதவீதத்துக்குப் பக்கத்தில்தான் இருந்திருக்கும் என்பது இதைப் பற்றி எழுதியவர்கள் பொதுவாகச் சொல்வது. பிறகு இயந்திரங்கள் வந்தன, கூலியாட்கள் குறைந்தார்கள், பீரைக் கடையில் விற்றாக வேண்டும் என்றானது, ஆல்கஹால் ஏறியது. அதனால் உங்கள் கையில் இருப்பது வயலில் குடித்த அதே பீர் இல்லை, அதன் பேரன். இன்னொன்று, 19ஆம் நூற்றாண்டில் லியேஜ் நகரத்திலும் செஸோன் என்ற பெயரில் பீர் காய்ச்சியிருக்கிறார்கள். அங்கே வயலுமில்லை அரிவாளுமில்லை. ஆக, புட்டியின் பின்பக்கம் அச்சடித்திருக்கும் வைக்கோல் போர் கதையை முழுசாக நம்ப வேண்டாம், முழுசாகத் தள்ளவும் வேண்டாம்.

ஆல்கஹால் மாறிப்போனது, பெயர் எங்கெங்கோ போனது, ஆனால் தாகத்துக்குக் குடிக்கிற பானம் என்பதற்கான அடையாளம் ஒன்று அப்படியே தங்கிவிட்டது. உங்கள் நண்பர் கண்ணை மூடிக்கொண்டு சொல்கிறாரே, அந்த 'ட்ரை'. தமிழில் இதற்கு நேர்ச்சொல் கிடைக்கவில்லை, 'வறண்ட பீர்' என்று எழுதினால் எனக்குச் சித்திரை மாதத்துக் கண்மாய்தான் கண்ணில் வருகிறது. இனிப்பு தங்காதது என்று வைத்துக்கொள்ளலாம். வெயிலில் நிற்கிறவனுக்கு இனிப்புப் பானம் கொடுத்தால் கொஞ்ச நேரத்தில் மறுபடி தாகம் எடுக்கும், வாய் பிசுபிசுக்கும். செஸோனை வாயில் வைத்ததும் ஆரஞ்சோ பேரிக்காயோ வருகிற மாதிரி போக்குக் காட்டும், விழுங்கிய பிறகு பார்த்தால் நாக்கில் ஒன்றும் இருக்காது, சுத்தமாகத் துடைத்து வைத்திருக்கும். உடனே அடுத்த மடக்குக்குக் கை போகும். அதுதான் ட்ரை.

இதைச் செய்வது ஈஸ்ட். மால்ட்டை, அதாவது முளைகட்டிக் காயவைத்த பார்லியை, வெந்நீரில் ஊறவைத்தால் மாவுச்சத்து சர்க்கரையாக மாறும், அதில் சின்னச் சர்க்கரையும் உண்டு, நீளச் சங்கிலியாக டெக்ஸ்ட்ரின் என்பதும் உண்டு. சாதாரண ஈஸ்ட்டுகள் பந்தியில் பாயசத்தையும் வடையையும் மட்டும் சாப்பிட்டுவிட்டு எழுந்துவிடுகிற ஆட்கள், நீளச் சங்கிலியைத் தொடாது, மொத்தத்தில் முக்கால் பங்கு தின்றால் அதிகம். மிச்சம்தான் நாம் மற்ற பீர்களில் உணர்கிற கெட்டித்தன்மையும் லேசான இனிப்பும். செஸோன் ஈஸ்ட் இலையை வழித்து நக்குகிற ரகம். டயாஸ்டாட்டிக்கஸ் என்று ஒரு வகை, தானே ஒரு நொதியைச் சுரந்து டெக்ஸ்ட்ரினை வெட்டி வெட்டித் தின்றுவிடும், 90 சதவீதத்துக்கு மேல் காலி. வேடிக்கை என்னவென்றால், மற்ற பீர்க்காரர்களுக்கு இந்த ஈஸ்ட் பெரிய சனியன். தப்பித் தவறி அவர்கள் தொட்டியில் புகுந்துவிட்டால் அடைத்த புட்டிக்குள்ளும் தின்றுகொண்டே இருக்கும், வாயு ஏறி ஏறி புட்டி வெடிக்கிற அளவுக்குக்கூடப் போகும்.

அதற்குச் சூடும் வேண்டும். லாகர் பத்து டிகிரி சுமாரில் நொதிக்கும், ஏல் என்கிற வகைப் பீர் சாதாரணமாக இருபது பக்கம். உங்கள் புட்டிக்காரர்கள் முப்பதைத் தாண்ட விடுகிறார்கள். வேறு ஈஸ்ட்டை இந்தச் சூட்டில் விட்டால் பெயிண்ட் கலக்குகிற திரவம் மாதிரி வாடை அடிக்கும். வீட்டில் பீர் காய்ச்சுகிறவர்களைக் கேட்டால் இந்த ஈஸ்ட்டைப் பற்றிப் புலம்புவார்கள், முதல் சில நாள் பாய்ந்து ஓடிவிட்டு நடுவழியில் வண்டி மாடு மாதிரி படுத்துக்கொள்ளும், வாரக்கணக்கில் எழாது, சூடேற்றித் தாஜா பண்ண வேண்டும்.

உங்கள் மிளகும் இங்கேதான் இருக்கிறது. பச்சைப் புட்டி, 6.5 சதவீதம் என்கிறீர்கள், அது தூர்ப் கிராமத்து செஸோன் துப்போனாகத்தான் இருக்க வேண்டும் (உச்சரிப்புப்படி கிட்டத்தட்ட 'துய்ப்போன்', அப்படியே எழுதிவிடலாம் என்று கை துறுதுறுக்கிறது). அதில் மிளகும் இல்லை, எலுமிச்சைத் தோலும் இல்லை. பார்லியின் உமிப்பக்கம் இருக்கும் ஃபெருலிக் அமிலத்தை இந்த ஈஸ்ட் வேறு பொருளாக மாற்றிவிடும், கிராம்பு, மிளகு மாதிரியான காரவாசம் அதிலிருந்து வருகிறது. பழவாசம் ஈஸ்ட் உண்டாக்கும் எஸ்டர்கள் என்ற வாசனைப் பொருட்களிலிருந்து. புளிப்பா கசப்பா என்று தடுமாறினீர்களே, அதுவும் நியாயம்தான், இனிப்பு மறைக்காததால் ஹாப்ஸின் கசப்பு நேரே தெரிகிறது, புட்டிக்குள் மறுபடி நொதிப்பதால் வாயு அதிகம், அந்தச் சுருக்கு நாக்குக்குப் புளிப்பு மாதிரித் தோன்றும். உண்மையில் துப்போன் புளிப்புப் பீர் இல்லை.

நிஜமாகவே மசாலா போட்டது வேண்டுமென்றால் பக்கத்திலேயே பிப்பே என்ற ஊரில் வப்பர் என்று ஒரு சின்ன ஆலை இருக்கிறது, வப்பர் என்றால் நீராவி. 1895-ஆம் வருடத்து நீராவி இயந்திரத்தைத் தூக்கிப் போடாமல் அதை வைத்தே காய்ச்சுகிறார்கள். அவர்களுடைய செஸோன் டி பிப்பேயில் மிளகு, இஞ்சி, ஆரஞ்சுத் தோல் எல்லாம் உண்டு. இரண்டையும் பக்கத்தில் வைத்துக் குடித்துப் பாருங்கள், போட்ட மிளகுக்கும் போடாத மிளகுக்கும் வித்தியாசம் தெரியும். எனக்குப் போடாததுதான் பிடிக்கும்.

துப்போன் வீட்டுக் கதை ஒன்றைச் சொல்லாமல் விட முடியவில்லை. 1844-லிருந்து பீர் காய்ச்சிய பண்ணை அது, 1920-ல் ஆல்ஃபிரட் துப்போன் என்பவர் வாங்குகிறார். எதற்கு? மகன் லூயி கனடாவுக்குப் போய்ப் பண்ணை வைக்கிறேன் என்று நின்றாராம், அவரை ஊரிலேயே பிடித்து வைக்க அப்பா ஒரு பீர் ஆலையை வாங்கிக் கையில் கொடுத்துவிட்டார். நம் பக்கத்து அப்பாக்கள் பிள்ளையைக் கனடா அனுப்ப நிலத்தை விற்கிறார்கள். பிறகு லாகர் அலை அடித்தபோது இவர்களும் பில்ஸ் என்ற லாகர் காய்ச்சிப் பிழைத்தார்கள், செஸோன் மூலைக்குப் போனது. அது மறுபடி முன்னால் வந்ததில் அமெரிக்காவில் இதைத் தேடி வாங்கியவர்களுக்குப் பெரிய பங்கு. அதற்கு முன்னால் இதை ஆங்கிலத்தில் எடுத்துச் சொன்னவர் மைக்கேல் ஜாக்சன் என்ற பிரிட்டிஷ் பீர் எழுத்தாளர். ஆமாம், அந்தப் பெயர்தான், பாடகர் இல்லை.

இன்று அமெரிக்காவில் செஸோன் என்று எழுதி எதை வேண்டுமானாலும் விற்கிறார்கள், செம்பருத்தி போட்டது, ஒயின் பீப்பாயில் போட்டுப் புளிக்க வைத்தது, சிலது நன்றாகவே இருக்கிறது, ஆனால் குடித்து முடித்ததும் வாய் பிசுபிசுத்தால் எனக்கு அது செஸோன் இல்லை. இந்த ஒரு விஷயத்தில் நான் கறார். பெல்ஜியத்துக்குள்ளேயே ஆர்டென் காட்டுப்பக்கம் 1988-ல் ஆரம்பித்த ஃபாந்தோம் என்ற ஆலை இருக்கிறது, பேய் என்று அர்த்தம், பெயருக்கேற்ற மாதிரி ஒரு புட்டி ஸ்ட்ராபெரி வாசத்தோடு ஆளை மயக்கும், அடுத்தது வேறு ஏதோவாக இருக்கும். ப்லோஜி என்ற ஆலையில் ஸ்பெல்ட் என்ற பழைய கோதுமை ரகம் சேர்த்து ஒன்று காய்ச்சுகிறார்கள், அது அமைதியானது, முதலில் அதையே குடித்திருந்தால் உங்களுக்கு இவ்வளவு குழப்பம் வந்திருக்காது.

நாற்றத்துக்கு வருகிறேன். எரிந்த ரப்பரும் பூனை புழங்கிய மூலையும் சேர்ந்த மாதிரியா? அப்படியானால் அது பீரின் குணம் இல்லை, வெளிச்சம் செய்த வேலை. ஹாப்ஸின் கசப்புப் பொருள் ஒளி பட்டால் உடையும், மால்ட்டிலும் ஈஸ்ட்டிலும் இருந்து வரும் கந்தகத்தோடு சேர்ந்து ஒரு பொருள் உண்டாகும், அமெரிக்கக் காட்டில் ஸ்கங்க் என்ற பிராணி பீய்ச்சுமே, அதன் நாற்றத்துக்குச் சொந்தக்காரப் பொருள். சொட்டில் கோடியில் ஒரு பங்கு இருந்தாலும் மூக்கு கண்டுபிடித்துவிடும். பழுப்புக் கண்ணாடி இந்த ஒளியைப் பெருமளவு தடுக்கும், பச்சை அவ்வளவு தடுக்காது. நானும் ஏமாந்திருக்கிறேன், ஒரு கடையில் விளக்குக்கு நேர்கீழே அழகாக அடுக்கியிருந்த வரிசையிலிருந்து எடுத்துவந்து, நண்பர்களுக்கு நாலு வார்த்தை பெருமையாகப் பேசித் திறந்தேன். யாரும் ஒன்றும் சொல்லவில்லை, ஒருத்தர் மட்டும் எழுந்து போய்ச் சமையலறையில் கேஸ் கசிகிறதா என்று பார்த்துவிட்டு வந்தார்.

எப்படிக் குடிப்பது என்று நீங்கள் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன். ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த உடனே குடிக்காதீர்கள், அந்தக் குளிரில் கசப்பும் வாயுவும் மட்டும்தான் இருக்கும். என் முதல் செஸோனை அப்படித்தான் குடித்தேன், கசப்பு சோடா என்று நினைத்து மேசையில் வைத்துவிட்டு ஒரு போன் பேசப் போனேன், அரை மணி கழித்து வந்து எடுத்தால் வைக்கோல் வாசம், ஆரஞ்சு, அடியில் அந்த மிளகு, வேறு யாரோ ஊற்றி வைத்த கிளாஸ் மாதிரி இருந்தது. பத்து டிகிரி சுமார் சரி. வயிறு பெருத்த கிளாஸாக இருக்கட்டும், பாதிக்கு நுரை வரும், பயப்படாதீர்கள், இதற்கு அந்த நுரை வேண்டும். அடியில் ஈஸ்ட் படிந்திருக்கும், முதல் கிளாஸைத் தெளிவாக ஊற்றிக் குடித்துவிட்டு இரண்டாவதில் கலக்கிப் பாருங்கள். தொட்டுக்கொள்ள ஆட்டுப்பால் சீஸ் அங்கே சுலபமாகக் கிடைக்கும், நன்றாகப் பொருந்தும். வீட்டில் மீன் வறுத்தால் அதோடும் போகும், எண்ணெயை வாயிலிருந்து துடைத்துவிடும். மிளகாய்த் தூளை மட்டும் கொஞ்சம் குறைத்துக்கொள்ளுங்கள், உறைப்பு ஏறினால் இந்த வாயு அதை இன்னும் கிளறிவிடும்.

ஒரு சனிக்கிழமை நண்பரோடு லூஸுக்கு ரயிலேறுங்கள், தூர்பும் பிப்பேயும் அந்த ஊராட்சியில்தான் வருகின்றன. அதற்கு முன்னால், ஜன்னலோரத்தில் நிற்கிற புட்டி. வாங்கிய கடை அலமாரியும் வெளிச்சம், வந்து நிற்கிற இடமும் வெளிச்சம், அது பிழைத்திருக்கும் என்று தோன்றவில்லை. அதைத் தொட்டியில் ஊற்றிவிட்டு, அதே கடைக்குப் போய் அட்டைப்பெட்டிக்குள் இருந்து ஒன்று எடுத்துத் தரச் சொல்லுங்கள்.