இதயம் என்ன சாப்பிடுகிறது? கேள்வி பதில்

மருத்துவக் கல்லூரியில் முப்பது வருடம் உடலியங்கியல் பாடம் எடுத்தவன் நான், நோயாளிகளைப் பார்ப்பவன் அல்ல. நெஞ்சை அழுத்தும் வலி இப்போது இருப்பவர்கள் இங்கே எழுதிக்கொண்டிருக்காமல் 108-ஐக் கூப்பிடுங்கள். மற்றவர்கள் கேட்கலாம்.

தென்காசிக்காரன்: இதயத்துக்கு முக்கிய எரிபொருள் சர்க்கரைதானே?

இல்லை. சாதாரண நிலையில் பாதிக்கும் மேல் கொழுப்பு அமிலங்கள்தான். மிச்சம் குளுக்கோஸ், தசைகள் சர்க்கரையை உடைக்கும்போது வரும் லாக்டேட், ஈரல் கொழுப்பிலிருந்து செய்யும் கீட்டோன் கொஞ்சம். சாப்பிட்டவுடன் இன்சுலின் ஏறினால் குளுக்கோஸ் பக்கம் சாயும், பட்டினி கிடந்தால் கொழுப்புக்குத் திரும்பும். ஒன்று எரியும்போது அது இன்னொன்றை எப்படித் தள்ளிவைக்கிறது என்று ராண்டில் என்ற விஞ்ஞானி 1963-லேயே விளக்கிவிட்டார். மூளை சர்க்கரைக்கு அடம்பிடிக்கும். இதயம் பந்தியில் எந்த இலை போட்டாலும் உட்கார்ந்துவிடும்.

உட்காராமல் முடியாது. சுமார் 300 கிராம் தசை ஒரு நாளைக்கு ஒரு லட்சம் முறை துடிக்கிறது. அதற்கு வேண்டிய ஏடிபி, அதாவது செல்கள் செலவழிக்கும் சக்திக் காசு, நாளுக்கு 6 கிலோ அளவுக்கு. கையிருப்போ சில நொடிக்குத்தான் வரும். அன்றாடம் சம்பாதித்து அன்றாடம் சாப்பிடும் குடும்பம்.

நெய்ரோஸ்ட்: அப்படியானால் நெய் நிறையச் சாப்பிட்டால் இதயம் பலப்படுமா?

படாது. இதயம் எரிக்கும் கொழுப்பில் பெரும்பங்கு உங்கள் தொப்பையிலிருந்தே ரத்தத்துக்கு வருகிறது. அங்கே பஞ்சம் இல்லை.

மலைப்பாதை: மாரடைப்பு என்றால் எரிபொருள் தீர்ந்துபோவதா?

தீர்வது ஆக்சிஜன். மற்ற தசைகள் ஓய்வில் இருக்கும்போது ரத்தத்தில் உள்ள ஆக்சிஜனில் ஒரு பகுதியைத்தான் எடுக்கும். இதயம் ஓய்விலேயே 70 முதல் 80 சதவீதம் உறிஞ்சிவிடுகிறது. கூடுதலாக வேண்டுமென்றால் கூடுதல் ரத்தம் வர வேண்டும், வேறு வழி இல்லை. இதயத் தசைக்கு ரத்தம் கொண்டுவரும் குழாய் முழுதாக அடைத்தால் ஒரு நிமிடத்துக்குள் அந்தப் பகுதி சுருங்குவதை நிறுத்திவிடும். ஆக்சிஜன் இல்லாமல், சேமித்துவைத்த சர்க்கரையான கிளைக்கோஜனை உடைத்துக் கொஞ்ச நேரம் தாக்குப்பிடிக்கும், அமிலம் சேரும். இருபது நிமிடத்துக்கு மேல் போனால் செல்கள் சாக ஆரம்பிக்கும். ‘வாயுவாக இருக்கும்’ என்று ஓமவாட்டர் குடித்துக் காத்திருப்பவர்களுக்காகச் சொல்கிறேன்: 108.

சைக்கிள்காரர்: லாக்டேட் கழிவுதானே?

நீங்கள் மேட்டில் மிதிக்கும்போது கால் வெளியே தள்ளும் லாக்டேட்டை இதயம் எடுத்து எரிக்கிறது. கழிவு என்று சொன்ன காலம் போய்விட்டது.

சேலத்து மகள்: அம்மாவுக்கு இதயத்தில் அழற்சியா என்று பார்க்க பெட் ஸ்கேன். முந்தைய நாள் சோறு, இட்லி, பழம் எதுவும் கூடாது. முட்டையும் கறியும் கொடுங்கள் என்கிறார்கள். இதய நோயாளிக்கு இப்படியா?

அருமையான கேள்வி. இன்று நாம் பேசுவதெல்லாம் இந்த ஒரு சீட்டில் இருக்கிறது. ஸ்கேனில் ஏற்றுவது கதிரியக்கம் சேர்த்த குளுக்கோஸ். அழற்சி செல்கள் அதை விழுங்கி ஒளிரும். ஆனால் அம்மா காலையில் இரண்டு இட்லி சாப்பிட்டுப் போனால் இன்சுலின் ஏறி, இதயத் தசை முழுவதும் அதே குளுக்கோஸை இழுத்துக்கொள்ளும். படம் முழுக்க வெளிச்சம், அழற்சி எங்கே என்று தெரியாது. அதனால் மாவுச்சத்தை நிறுத்தி, கொழுப்பு கொடுத்து, பிறகு பட்டினி போட்டு இதயத்தைக் கொழுப்புக்குத் திருப்புகிறார்கள். ஒரு நாள் ஏற்பாடுதான். காபியில் சர்க்கரை போட்டுக் கொடுத்துவிடாதீர்கள், ஸ்கேன் வீணாகும். சர்க்கரை வியாதி இருந்தால் மாத்திரை, ஊசி பற்றி முன்பே அவர்களிடம் கேளுங்கள்.

கரிசல்: அப்பாவுக்கு இதயம் பலவீனம், சர்க்கரை இல்லை. ஆனால் டாபாகிளிஃப்ளோசின் என்ற சர்க்கரை மாத்திரை எழுதியிருக்கிறார்கள். தவறா?

தவறில்லை. 2019-ல் வெளியான பெரிய ஆய்வில் சர்க்கரை இல்லாத இதயச் செயலிழப்பு நோயாளிகளுக்கும் பலன் தெரிந்தது. ஏன் என்பதில்தான் சண்டை. கீட்டோன் கொஞ்சம் கூடுகிறது, களைத்த இதயத்துக்கு அது கை கொடுக்கிறது என்பது ஒரு கட்சி. உப்பும் நீரும் வெளியேறுவது, சிறுநீரகம் தேறுவது என்பது இன்னொரு கட்சி. நான் இரண்டாவது பக்கம் சாய்கிறேன்.

பேலியோ பாண்டி: கீட்டோன் நல்லது என்று நீங்களே சொல்லிவிட்டீர்கள்! அரிசிதான் எதிரி.

நான் சொன்னது ‘ஒரு கட்சி’. செயலிழந்த இதயம் கீட்டோனைக் கூடுதலாக எரிப்பது உண்மை. அதற்காக அது கீட்டோன் இல்லாமல்தான் நோயில் விழுந்தது என்று ஆகாது. சிலிண்டர் நிறைய கேஸ் இருக்கிறது, பர்னர் அடைத்திருக்கிறது. இன்னொரு சிலிண்டர் வாங்கி என்ன செய்ய? இந்த மாத்திரையோடு சோற்றை அடியோடு நிறுத்தினால் ரத்தச் சர்க்கரை சாதாரணமாக இருக்கும்போதே கீட்டோன் எகிறி ஆபத்தாகலாம். வாந்தி, வயிற்றுவலி, மூச்சிரைப்பு வந்தால் உடனே மருத்துவமனை.

பேலியோ பாண்டி: ஒரு கிராமுக்கு அதிக சக்தி கொழுப்பில்தானே?

கிராம் கணக்கு மளிகைக் கடைக்கு. இதயத்தில் தட்டுப்பாடு ஆக்சிஜனுக்கு. அதே ஆக்சிஜனுக்குக் குளுக்கோஸ்தான் சுமார் பத்து சதவீதம் கூடுதல் ஏடிபி தருகிறது.

வெண்ணெய்க்காப்பி: அப்போ காலையில் வெண்ணெய் போட்டு...

நெய்ரோஸ்ட்டுக்குச் சொன்ன பதிலைப் படியுங்கள்.

வயக்காடு: சோறு தின்று இதயம் கெட்டவர் உண்டா?

உண்டு! தீட்டிய பச்சரிசியே கதியென்று இருந்தவர்கள். தயமின் என்ற பி1 வைட்டமின் இல்லாவிட்டால் குளுக்கோஸிலிருந்து வரும் பைருவேட், செல்லுக்குள் சக்தி தயாரிக்கும் மைட்டோகாண்ட்ரியாவின் உலையில் ஏறாது. கால் வீங்கி, இதயம் பெருத்து, மூச்சு வாங்கும் ஈர பெரிபெரி அதுதான். மலாயாவில் சயாம் பச்சரிசி சாப்பிட்ட சீனத் தொழிலாளர்கள் கொத்துக் கொத்தாக விழ, புழுங்கல் அரிசி சாப்பிட்ட தமிழர்கள் பெரும்பாலும் தப்பினார்கள். 1905-ல் கோலாலம்பூர் மனநல விடுதியில் பிளெட்சர் என்ற மருத்துவர் பாதிப்பேருக்கு அது, பாதிப்பேருக்கு இது என்று கொடுத்துப் பார்த்தார்; பச்சரிசிப் பக்கம்தான் நோய். நெல்லை அவிக்கும்போது தவிட்டுச் சத்து அரிசிக்குள் இறங்கிவிடுகிறது. பருப்பும் காயும் சேர்த்துச் சாப்பிடுகிறவர்கள் இப்போது பயப்பட வேண்டாம்.

பெயர் வேண்டாம்: அண்ணன் தினமும் குடிப்பார், சரியாகச் சாப்பிடுவதில்லை. ஒரு மாதமாகக் கால் வீக்கம், படுத்தால் மூச்சு முட்டுகிறது.

மேலே சொன்னது இன்றும் வருவது இவர்களுக்குத்தான். ஆனால் வேறு காரணமும் இருக்கலாம், இங்கே கண்டுபிடிக்க முடியாது. தயமின் குறைதான் என்றால் ஊசி போட்டு வேகமாகத் தேறுவார். குடிப்பதை டாக்டரிடம் மறைக்காதீர்கள், அதுதான் துப்பு. இன்றைக்கே கூட்டிப்போங்கள்.