இறைவனை நினைத்து ஓதும் அரபு வாசகங்களான திக்ருகளைத் தமிழ் எழுத்தில் பார்த்து ஓதலாமா? தொழுகைக்குப் பின் எத்தனை தடவை ஓத வேண்டும்?

பார்த்து ஓதலாம். ஆனால் அதை மட்டும் நம்பினால் உச்சரிப்பு கெடும். 'ஸுப்ஹானல்லாஹ்' என்பதில் முதலில் வரும் ஹா நடுத்தொண்டையில் பிறப்பது, கண்ணாடியில் ஆவி படிய ஊதுவதுபோல. கடைசி ஹ் அடித்தொண்டையில் பிறப்பது. தமிழில் இரண்டுக்கும் ஒரே எழுத்துதான். அதனால் பலர் முதல் ஹாவை விட்டுவிட்டு 'சுபானல்லா' என்கிறார்கள், இல்லையென்றால் இடையில் ஓர் உகரம் சேர்த்து 'சுபுஹானல்லா' என்கிறார்கள். 'அஸ்தக்ஃபிருல்லாஹ்' நம் வாயில் 'அஸ்தகுபிருல்லா' ஆகிவிடுகிறது. கீழக்கரை மாப்பிள்ளை லெப்பை ஆலிம் (1816–1898) காலத்தில் தமிழையே அரபு எழுத்தில் எழுதிப் படித்தார்கள். அந்த அரபுத்தமிழில் அரபுச் சொல் தன் எழுத்தோடேயே நின்றது. அது வழக்கொழிந்தது நமக்குப் பெரிய இழப்பு.

இனி எண்ணிக்கை. பர்ளு (கட்டாயத் தொழுகை) தொழுது, ஸலாம் கொடுத்து முடித்ததும் அஸ்தக்ஃபிருல்லாஹ் 3 தடவை, பிறகு 'அல்லாஹும்ம அன்தஸ் ஸலாம்' துஆ. அதன்பின் ஸுப்ஹானல்லாஹ் 33, அல்ஹம்துலில்லாஹ் 33, அல்லாஹு அக்பர் 33. நூறாவதாக, 'லா இலாஹ இல்லல்லாஹு வஹ்தஹு லா ஷரீக லஹ், லஹுல் முல்கு வலஹுல் ஹம்து வஹுவ அலா குல்லி ஷையின் கதீர்' ஒரு தடவை. தக்பீரை, அதாவது அல்லாஹு அக்பரை, 34 ஆக்கி நூறை நிறைக்கும் அறிவிப்பும் உண்டு. தூங்கப்போகும்போது ஓதுவது அந்த 34தான். கடலுக்குப் போகிற அவசரமா? ஒவ்வொன்றும் 10 ஓதவும் ஹதீஸ் (நபிமொழி) இருக்கிறது. 33ஐ விழுங்கி ஓதுவதைவிட இந்தப் பத்தை நிறுத்தி ஓதுவது எவ்வளவோ மேல்.

ஏனென்றால், காது நன்றாகக் கேட்பவர் தன் காதுக்கே கேட்கும்படி நாவால் மொழிந்தால்தான் அந்த திக்ரு கணக்கில் சேரும் என்கிறார் ஷாஃபி சட்ட அறிஞர் இமாம் நவவி. நம் இராமநாதபுரம் கரையோரம் பெரும்பாலும் ஷாஃபி மத்ஹபு (சட்டப்பள்ளி), அவர் சொல் இங்கே சட்டம் மாதிரி. வெறுமனே உதட்டை அசைத்தால் போதாது. பக்கத்து ஸஃப்பில் (வரிசையில்) தொழுபவரைக் கலைக்கும் சத்தமும் வேண்டாம்.

எண்ணுவதற்கு வலக்கை விரல்கள் போதும். விரலுக்கு மூன்றாக ஒரு சுற்றுக்கு 15, இரண்டு சுற்றுக்கு 30, இன்னொரு விரலோடு 33. தஸ்பீஹ் மணி தவறில்லை, ஆனால் மறுமையில் விரல்கள் பேசவைக்கப்படும் என்ற ஹதீஸால் விரலே சிறப்பு. இந்த திக்ருகளுக்கு ஒளு (தொழுகைக்கு முன் கைகால் முகம் கழுவுவது) கட்டாயமில்லை, ஹைளு (மாதவிடாய்) நாட்களில் பெண்களும் ஓதலாம்.

தக்பீரில் ஒரு எச்சரிக்கை: தொடக்கத்தை 'ஆல்லாஹு' என்று நீட்டினால் கேள்வியாகிவிடும், 'அக்பார்' என்று இழுத்தால் சொல்லே மாறிவிடும். தொழுகையின் முதல் தக்பீரில் இப்படி வந்தால் தொழுகையே செல்லாது.

வேதாளை, ஏர்வாடிப் பக்கம் படகேறும்போது ஓதும் 'பிஸ்மில்லாஹி மஜ்ரேஹா வமுர்ஸாஹா' குர்ஆனில் ஹூது சூராவின் (அத்தியாயத்தின்) 41ஆம் வசனம். பலர் 'மஜ்ராஹா' என்கிறார்கள். நாம் குர்ஆன் ஓதும் முறைக்கு ஹஃப்ஸ் என்று பெயர், அதில் அது 'ரே'தான். குர்ஆன் முழுவதிலும் இந்த ஓர் இடத்தில் மட்டும் அப்படி 'ஆ'வை 'ஏ' பக்கம் சாய்த்து ஓத வேண்டும். தமிழ் எழுத்தைப் பார்த்து இந்தச் சாய்வு பிடிபடாது. பள்ளிவாசல் ஆலிம்சாவிடம் ஒருதடவை ஓதிக் காட்டித் திருத்திக்கொள்ளுங்கள்.