முழுப் பொருத்தம் இருந்தும் ஏன் தொல்லை? ஸ்டெம் செல் மாற்று பற்றிய கேள்வி பதில்

ரத்தத்தை உருவாக்கும் ஸ்டெம் செல்களை ஒருவரிடமிருந்து எடுத்து நோயாளிக்குச் செலுத்தும் சிகிச்சை பற்றி, திசுப் பொருத்தப் பரிசோதனையில் பல ஆண்டுகள் பணியாற்றிய நாகர்கோவில்காரர் ஒருவர் பதில் சொல்கிறார்.

குலசேகரத்திலிருந்து ஒரு தந்தை: மகளுக்கு ரத்தப் புற்றுநோய். மகனின் ரத்த வகை வேறு. அவன் கொடுக்க முடியாதா?

கொடுக்கலாம், அண்ணா. ரத்த வகை தடையில்லை. முதலில் பார்க்க வேண்டியது எச்.எல்.ஏ. மரபணுக்கள், அதாவது தன் அணு எது, அந்நிய அணு எது என்று உடல் அடையாளம் காண உதவுபவை. ஆறாவது குரோமோசோமில் இருக்கும் இவை தாயிடமிருந்து ஒரு தொகுதி, தந்தையிடமிருந்து ஒரு தொகுதி என்று வருகின்றன. உடன்பிறந்தவரோடு முழுதாகப் பொருந்த 25 சதவீத வாய்ப்பு உண்டு. மகனுக்கு உடனே பரிசோதனை செய்யுங்கள்.

மார்த்தாண்டம்: நாங்கள் சொந்தத்தில் திருமணம் செய்தவர்கள். உறவினரையும் பார்க்கலாமா?

அவசியம் பாருங்கள். உங்கள் குடும்பத்தில் அத்தை, மாமா பிள்ளைகளிடமும் பொருத்தம் கிடைக்கக்கூடும்.

தக்கலையிலிருந்து ஒரு சகோதரி: கணவருக்கு அவருடைய அக்கா கொடுத்தார். எச்.எல்.ஏ. பத்துக்குப் பத்து, அதாவது முழுப் பொருத்தம் என்றார்கள். இப்போது உள்ளங்கையில் சிவந்த தடிப்பு, வயிற்றுப்போக்கு. பரிசோதனை தவறா?

தவறாக இருக்க வேண்டியதில்லை, தங்கச்சி. ஆனால் இன்றே மருத்துவரிடம் காட்டுங்கள். நாளை என்று தள்ள வேண்டாம். மருந்து ஒவ்வாமையாலும் தொற்றாலும்கூட இப்படி வரும். கொடுத்தவரின் தற்காப்பு அணுக்கள் நோயாளியின் உடலை அந்நியமாகக் கருதித் தாக்குவதாகவும் இருக்கலாம். எச்.எல்.ஏ. ஒன்றாக இருந்தாலும் மற்ற மரபணுக்கள் வேறுபடுகின்றனவே! குறிப்பாக, ஆணின் ஒய் குரோமோசோம் உருவாக்கும் புரதங்கள் அக்காவின் உடலில் இல்லை. அவர் ஆண் குழந்தை பெற்றவர் என்றால், கர்ப்ப காலத்திலேயே அவருடைய அணுக்கள் அந்தப் புரதங்களுக்கு எதிராகப் பழகியிருக்கலாம். அதனால்தான் ஆண் நோயாளிக்கு, மற்றதெல்லாம் சமமாக இருந்தால், ஆண் கொடையாளரை விரும்புகிறோம். இதே தாக்குதல் மிச்சமிருக்கும் புற்றணுக்களையும் அழிக்கும் என்பதால், அதை அடியோடு அடக்காமல் அளவோடு கட்டுப்படுத்துவார்கள்.

திங்கள்சந்தை: கே.ஐ.ஆர். மரபணு என்றால்?

தற்காப்பு அணுக்களில் ஒரு வகையான இயற்கைக் கொல்லி அணுக்களின் கடிவாளம். 19ஆவது குரோமோசோமில் இருப்பதால் எச்.எல்.ஏ.வோடு சேர்ந்து வருவதில்லை. கே.ஐ.ஆர். பார்ப்பதற்காக மட்டும் சிகிச்சையைத் தள்ளிப்போடாதீர்கள், நோய் காத்திருக்காது.

குளச்சல்: உடன்பிறந்தோர் யாருமே பொருந்தவில்லை.

பெற்றோரோ பிள்ளைகளோ பாதிப் பொருத்தத்தோடு கொடுக்கலாம். மாற்றுக்குப் பின் மூன்றாம், நான்காம் நாள்களில் சைக்ளோபாஸ்பமைடு என்ற மருந்தைக் கொடுக்கும் முறை இதைப் பெரிதும் பாதுகாப்பாக்கியிருக்கிறது. சென்னையின் தாத்ரி போன்ற, கொடையாளர்களின் பெயர்களைப் பதிந்து வைக்கும் பதிவகங்களிலும் தேடச் சொல்லுங்கள். நம் இனத்தவரிடம்தான் பொருத்தம் கிடைக்கும் வாய்ப்பு அதிகம். பதிவு செய்தவர்களோ மிகக் குறைவு. ஊரில் 18 வயது நிரம்பிய தம்பி தங்கைகளைப் பதிவு செய்யச் சொல்லுங்கள். கன்னத்தின் உட்புறத்தில் பஞ்சுக் குச்சியால் தடவி எடுத்தால் போதும்.