கட்டளை வழியே டெபியன் 13: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: எங்கள் ஊர் நூலகத்துக் கணினியில் டெபியன் 12 என்ற இயங்குதளம் (ஆபரேட்டிங் சிஸ்டம்) இருக்கிறது. நூல் இரவல் பதிவுகள் முழுவதும் அதிலுள்ள மரியாடிபி தரவுத்தளத்தில்தான் இருக்கின்றன. 13-ஆம் பதிப்புக்கு டெர்மினலில் கட்டளை கொடுத்து மாற வேண்டும் என்கிறார்கள். எனக்கு அதில் பழக்கம் குறைவு. இருப்பது எதுவும் அழியாமல் மாற முடியுமா?
(ஒரு வாசகி, திருத்துறைப்பூண்டி)

பதில்: முடியும். ‘டிரிக்சி’ எனப்படும் 13-ஆம் பதிப்பு 2025 ஆகஸ்ட் 9 அன்று வெளியானது; ‘புக்வோர்ம்’ எனப்படும் 12-இலிருந்து நேரடியாக அதற்கு மாறலாம். 11-ஆம் பதிப்பை வைத்திருப்பவர்கள் முதலில் 12-க்கு வந்துவிட்டுத்தான் 13-க்குப் போக வேண்டும். இடையில் ஒன்றைத் தாண்டிச் செல்வதை டெபியன் ஆதரிப்பதில்லை. அடிக்க வேண்டிய கட்டளைகள் ஐந்தாறுதான். அவற்றுக்கு முன் செய்ய வேண்டிய ஏற்பாடுகளே அதிகம், அவற்றில்தான் நீங்கள் நேரத்தைச் செலவிட வேண்டும் என்று வற்புறுத்திச் சொல்கிறேன்.

முதல் ஏற்பாடு காப்பு நகல். டெபியனில் புதிய பதிப்பிலிருந்து பழைய பதிப்புக்குத் திரும்பும் வழி இல்லை என்பதால், காப்பு நகல் ஒன்றே உங்களுக்குத் திரும்பும் வழி. உங்கள் கோப்புகள் உள்ள ஹோம் அடைவையும் (ஃபோல்டர்), கணினியின் அமைப்புக் கோப்புகள் உள்ள ‘/இடிசி’ அடைவையும் வெளி வன்வட்டில் நகலெடுங்கள். தரவுத்தளத்தின் கோப்புகளை அது இயங்கிக்கொண்டிருக்கும்போது அப்படியே நகலெடுத்தால் அந்த நகலை நம்ப முடியாது. ‘மரியாடிபி-டம்ப்’ கட்டளையால் முழுப் பதிவையும் ஒரே கோப்பாக எடுத்து, அந்தக் கோப்பு வேறொரு கணினியில் திறக்கிறதா, கடைசியாகக் கொடுத்த நூலின் பதிவு அதில் இருக்கிறதா என்று கண்ணால் பார்த்துவிடுங்கள்.

அடுத்தது இடம். ‘டிஎஃப் -எச்’ என்று அடித்தால் வன்வட்டின் ஒவ்வொரு பகிர்விலும் (பார்ட்டிஷன்) எவ்வளவு இடம் மீதமிருக்கிறது என்பது தெரியும். கணினி எழுவதற்கான கோப்புகள் உள்ள ‘/பூட்’ தனிப் பகிர்வாக இருந்தால் அதில் ஏறத்தாழ 300 எம்பி காலியாக இருக்க வேண்டும், ஏனெனில் இயங்குதளத்தின் மையமான கெர்னலும், அதனுடன் வரும், வன்பொருளுக்கான ஃபர்ம்வேர் கோப்புகளும் முன்னைவிடப் பெருத்துவிட்டன. டெபியனுக்கு வெளியே, பிற நிறுவனங்களின் களஞ்சியங்களிலிருந்து (மென்பொருள் கிடைக்கும் இணைய இருப்பிடங்கள்) நிறுவிய மென்பொருள்கள் இருந்தால், ‘/இடிசி/ஆப்ட்’ அடைவில் உள்ள அந்தக் களஞ்சிய வரிகளை இப்போதைக்கு முடக்கிவையுங்கள்.

இனி கட்டளைகள். இங்கே தமிழெழுத்தில் தந்திருப்பவற்றை நீங்கள் ஆங்கிலச் சிற்றெழுத்தில் அடிக்க வேண்டும். ஒவ்வொன்றின் முன்னும், நிர்வாகி உரிமை தரும் ‘சூடோ’ சேர வேண்டும். வரைகலைத் திரையிலுள்ள டெர்மினல் சாளரத்தில் இதைத் தொடங்காதீர்கள். மேம்படுத்தலின் நடுவே அந்தத் திரையே மூடப்பட்டுவிடலாம். கன்ட்ரோல், ஆல்ட், எஃப்3 ஆகிய மூன்றையும் சேர்த்து அழுத்திக் கிடைக்கும் கறுப்புத் திரையில் உள்நுழைந்து செய்யுங்கள்.

ஆப்ட் என்பது டெபியனில் மென்பொருள்களை நிறுவும் கருவி. முதலில் ‘ஆப்ட் அப்டேட்’, பிறகு ‘ஆப்ட் ஃபுல்-அப்கிரேட்’ என்று கொடுத்து 12-ஆம் பதிப்பையே அதன் கடைசித் திருத்தம் வரை கொண்டுவாருங்கள். பிறகு ‘/இடிசி/ஆப்ட்/சோர்சஸ்.லிஸ்ட்’ கோப்பைத் திறந்து, புக்வோர்ம் என்ற சொல் வரும் இடங்களிலெல்லாம் டிரிக்சி என்று மாற்றுங்கள். பாதுகாப்புத் திருத்தங்களுக்கான வரியும் இதில் அடங்கும். சிலர் இந்தக் கோப்பில் பதிப்பின் பெயருக்குப் பதிலாக ‘ஸ்டேபிள்’ என்று எழுதிவைத்திருப்பார்கள். அது நல்ல வழக்கமன்று. புதிய பதிப்பு வெளியானதும், எந்த ஏற்பாடும் செய்யாத நிலையில், கணினி அதை நோக்கி நகரத் தொடங்கிவிடும்.

மாற்றியபின் மீண்டும் ‘ஆப்ட் அப்டேட்’. அதன்பின் ‘ஆப்ட் அப்கிரேட் --வித்அவுட்-நியூ-பிகேஜிஎஸ்’. இது எதையும் நீக்காமலும் புதிதாக எதையும் சேர்க்காமலும், புதுப்பிக்க முடிந்தவற்றை மட்டும் புதுப்பிக்கும். இந்த முதற்படி முடிந்த பிறகே ‘ஆப்ட் ஃபுல்-அப்கிரேட்’ கொடுக்க வேண்டும்.

அப்போது திரையில் நீண்ட பட்டியல் ஒன்று ஓடி, இறுதியில் ஒய் அல்லது என் விசைக்காகக் காத்து நிற்கும். அவசரப்படாமல் மேலே சென்று, நீக்கப்படவிருக்கும் தொகுப்புகள் (மென்பொருள் பொதிகள்) என்ற பகுதியைப் பெயர் பெயராகப் படியுங்கள். ‘லிப்எஸ்எஸ்எல்3’ போன்ற பெயர்கள் அங்கே பல இருக்கும். அச்சம் வேண்டாம், புதிதாக நிறுவப்படுபவற்றின் பட்டியலில் அதுவே ‘லிப்எஸ்எஸ்எல்3டி64’ என்று வேறு பெயரில் நிற்கும். 32 பிட்டில் நேரத்தைக் குறிக்கும் பழைய முறை 2038 ஜனவரி 19 உடன் தீர்ந்துவிடும் என்பதால், நேரத்துக்கு 64 பிட் ஒதுக்கும் மாற்றத்தை டெபியன் இந்தப் பதிப்பில் செய்தது. அதையொட்டியே, பிற மென்பொருள்கள் பொதுவாகப் பயன்படுத்தும் நிரல் நூலகத் (லைப்ரரி) தொகுப்புகள் பலவற்றின் பெயர்கள் மாறின. ஆனால் நீங்கள் அன்றாடம் பயன்படுத்தும் ஒன்று, அதாவது மரியாடிபி சேவையகமோ க்னோம் திரைச்சூழலோ, மாற்று எதுவுமின்றி அந்தப் பட்டியலில் இருந்தால் ‘என்’ அழுத்தி நிறுத்திவிட்டுக் காரணத்தைத் தேடுங்கள். பெரும்பாலும் நீங்கள் முடக்கிய வெளிக் களஞ்சியத்திலிருந்து முன்பு வந்த ஏதேனும் ஒரு தொகுப்பு குறுக்கே நிற்பதாக இருக்கும்.

முடிந்தபின் மறுதொடக்கம் செய்து, ‘கேட் /இடிசி/டெபியன்_வெர்ஷன்’ என்று அடித்தால் 13 எனத் தொடங்கும் எண் தெரிய வேண்டும். தரவுத்தளம் திறக்கிறதா என்று பார்த்த பிறகே, இனித் தேவைப்படாத தொகுப்புகளை நீக்கும் ‘ஆப்ட் ஆட்டோரிமூவ்’ கொடுங்கள். இன்னொன்று: புதிய பதிப்பில் ‘/டிஎம்பி’ அடைவு வன்வட்டில் அன்றி நினைவகத்தில் இருக்கிறது; அங்கே வைத்த கோப்பு கணினியை அணைத்தால் போய்விடும்.

கேள்வி: என்னுடையது பழைய 32 பிட் டெபியன் 12. இதே முறையில் மாறலாமா?
(ஒரு வாசகர், ஈரோடு)

பதில்: வேண்டாம். 13-ஆம் பதிப்பில் 32 பிட் பிசிகளுக்கான கெர்னலும் இல்லை, நிறுவியும் இல்லை. ஆனால் ‘எல்எஸ்சிபியு’ என்று அடித்துப் பாருங்கள். 32 பிட், 64 பிட் இரண்டும் குறிப்பிடப்பட்டிருந்தால் உங்கள் செயலி 64 பிட்டையும் இயக்கும். கோர் 2 டியோ செயலிகள்கூட அத்தகையவையே. அப்படியானால் காப்பு நகல் எடுத்துவிட்டு 64 பிட் டெபியனைப் புதிதாக நிறுவுவதே சரி.

கேள்வி: மேம்படுத்தலின் நடுவே, ஒரு கோப்பை வைத்துக்கொள்வதா, மாற்றுவதா என்று கேட்டு நின்றுவிடுகிறது. எதைத் தேர்வது?
(ஒரு வாசகர், காரைக்குடி)

பதில்: நீங்களோ உங்களுக்கு நிறுவித் தந்தவரோ கையால் திருத்திய அமைப்புக் கோப்புகளுக்கு மட்டுமே அந்தக் கேள்வி வரும். ‘டி’ அழுத்தினால் இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டைக் காட்டும். அதைப் பார்க்காமல் விடையளிக்காதீர்கள். ஐயமிருந்தால் ‘என்’ அழுத்துங்கள்: உங்கள் கோப்பு அப்படியே இருக்கும், புதியது ‘.டிபிகேஜி-டிஸ்ட்’ என்ற பின்னொட்டுடன் பக்கத்திலேயே சேமிக்கப்படும். ‘ஒய்’ அழுத்தினாலும் பழையது ‘.டிபிகேஜி-ஓல்ட்’ என்று மிஞ்சும். ஆகவே எந்த விடையாலும் உங்கள் திருத்தம் தொலைந்துபோகாது.

கேள்வி: பாதியில் மின்சாரம் போய்விட்டால்?
(ஒரு வாசகி, சிவகாசி)

பதில்: யூபிஎஸ் இல்லாமல் தொடங்காதீர்கள் என்பதே முதல் விடை. அதையும் மீறி நின்றுவிட்டால், மின்சாரம் வந்ததும் கணினியை இயக்கி, ‘டிபிகேஜி --கன்ஃபிகர் -ஏ’ கொடுங்கள். பாதியில் நின்ற தொகுப்புகளை அது தொடர்ந்து அமைத்து முடிக்கும். பிறகு ‘ஆப்ட் --ஃபிக்ஸ்-புரோக்கன் இன்ஸ்டால்’, அதன்பின் மீண்டும் ‘ஆப்ட் ஃபுல்-அப்கிரேட்’. புதிய கெர்னலில் கணினி எழவில்லை என்றால், தொடக்கத் திரையில் தோன்றும் கிரப் (கணினியை எழுப்பும் நிரல்) பட்டியலின் கூடுதல் தேர்வுகளில் பழைய கெர்னல் இருக்கும். அதில் நுழைந்து இதே மூன்று கட்டளைகளையும் வரிசையாகக் கொடுக்கலாம்.