அப்பாவின் இபிஎப்பும் உலகத்தின் கடைசி நாளும்

கேள்வி: மலேசியாவில், பட்டர்வொர்த்தில் இருக்கிறோம். ஒரு வருடமாக அப்பாவும் அம்மாவும் ஒரு பிரார்த்தனைக் குழுவே கதி என்று இருக்கிறார்கள். அடுத்த ஆண்டு உலகம் முடிந்துவிடுமாம். அம்மா கையில் இருந்த நாலு வளையலையும் காணோம். செப்டம்பரில் அப்பாவுக்கு 50 வயது. இபிஎப் (ஊழியர் சேமநிதி) பணத்தை எடுத்து, வீட்டையும் விற்றுக் குழுவுக்குக் கொடுக்கப் போகிறாராம். எனக்கு டிப்ளோமாவுக்கு இடம் கிடைத்திருக்கிறது. "இனி எதற்குப் படிப்பு?" என்கிறார். ஆகஸ்டில் எனக்கு 18, தம்பிக்கு 14. என்ன செய்வது?

பதில்: மகளே, கசப்பானதை முதலில் சொல்லிவிடுகிறேன். அது அப்பாவின் பணம். பிள்ளை அழுது மனு போட்டாலும் இபிஎப் நிறுத்தி வைக்காது. ஆனால் 50 வயதில் மொத்தத்தையும் வழித்தெடுக்கவும் விடாது. 2024 மே முதல் சந்தா மூன்று கணக்குகளாகப் பிரிகிறது: பெர்சாரான் (ஓய்வுக்கால கணக்கு) 75 விழுக்காடு, செஜாத்ரா (நல்வாழ்வுக் கணக்கு) 15, பிளெக்சிபல் 10. பிளெக்சிபலை எப்போதும் எடுக்கலாம். 50-இல் செஜாத்ரா கிடைக்கும். பெரிய பங்கான பெர்சாரான் 55 வரை அசையாது. அவர்கள் குறித்த நாள் அதற்குள் வந்து போய்விடும்.

பிள்ளைகளின் உயர்கல்விக்கும் செஜாத்ராவிலிருந்து எடுக்கலாம். அதனால் செப்டம்பருக்கு முன் கல்லூரிக் கடிதத்தோடு அப்பா பக்கத்தில் உட்கார். உலகம் அழியுமா அழியாதா என்ற பேச்சையே எடுக்காதே. தென்கொரியாவில் 1992 அக்டோபர் 28-இல் உலகம் முடியும் என்று சொன்ன போதகரிடம் அடுத்த ஆண்டு முதிரும் முதலீட்டுப் பத்திரங்கள் இருந்தன. மோசடிக்காகச் சிறைக்கும் போனார். அதைச் சொன்னால் அப்பா உன்னை எதிரியாகப் பார்ப்பார். "ஃபீஸ் கட்டிடுங்கப்பா, அது வரைக்கும் நான் படிச்சிக்கிறேன்" என்று கேள். பணம் அவர் கணக்குக்கு வந்தால் அன்றைக்கே கூடப் போய்க் கட்டு.

வீடு இருவர் பெயரிலும் இருந்தால், அம்மா கையெழுத்து இல்லாமல் முழு வீட்டையும் விற்க முடியாது. வங்கிக் கடன் மிச்சம் இருந்தால் அதையும் அடைத்தாக வேண்டும். குழுவில் இருந்தாலும் அம்மாவுக்கு ராத்திரி தூக்கம் வருகிறதா என்று பார். அவரிடம் கேட்க வேண்டியது ஒன்றுதான்: "தம்பி எங்கம்மா தூங்குவான்?"

உன்னைப் பற்றித்தான் எனக்கு அதிகப் பயம். 18 ஆகும் வரை உன் கையெழுத்துக்குக் கடன் கிடைக்காது. ஆன மறுநாளே "இங்கே ஒரு கையெழுத்து போடும்மா" என்பார்கள். பெர்சனல் லோனோ, ஜாமீனோ, மோட்டார் தவணையோ, எதிலும் போடாதே. முதல் வேலையாக உன் பெயரில் மட்டும் ஒரு வங்கிக் கணக்கு திற. பிறப்புப் பத்திரம், எஸ்பிஎம் (பள்ளி இறுதித் தேர்வு) சான்றிதழ், தம்பியின் பத்திரங்கள் எல்லாம் பாட்டி வீட்டு அலமாரிக்குப் போகட்டும். தம்பியைப் பள்ளியிலிருந்து நிறுத்தினால் தாலியான் காசே என்ற அரசு உதவி எண்ணை, 15999, கூப்பிடு.

அந்த வளையல்கள் விஷயம். குழுவுக்குப் போய்விட்டன என்று நினைக்கிறாய், பார்த்தாயா? பல வீடுகளில் நகை முதலில் அடகுக் கடைக்குத்தான் போகும். மீட்க ஆறு மாதம் தவணை உண்டு. அம்மாவின் கைப்பையில் அடகுச் சீட்டு இருக்கிறதா என்று அவரிடமே கேட்டு, தேதியைக் குறித்து வை.