3 வயதுப் பிள்ளையோடு கேம்ப் பெஸ்டிவல்: கூடாரமா, ஹோட்டலா?

கேள்வி: லண்டன் ஹாரோவில் இருக்கிறோம். பிள்ளைகளுக்கு 3 வயது, 8 வயது. இந்தக் கோடையில் தென் இங்கிலாந்தின் டார்செட்டில் நடக்கும் கேம்ப் பெஸ்டிவலுக்கு (Camp Bestival: குடும்பங்கள் கூடாரம் போட்டுச் சில நாள் தங்கும் இசை விழா) போக ஆசை. ஆனால் கூடாரத்தில் படுத்துப் பழக்கமே இல்லை. பக்கத்தில் ஹோட்டல் எடுத்துக்கொண்டு பகலில் மட்டும் போய்வரலாமா?

பதில்: கூடாரமே போடுங்கள். சின்னவருக்கு மதியம் ஒரு தூக்கம் வேண்டும், ஒரு நாளில் இரண்டு தடவையாவது துணி மாற்ற வேண்டும். பெரியவருக்குப் பிடித்தது எல்லாம் இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகுதான் களைகட்டும். ஜூலைக் கடைசியில் அங்கே ஒன்பது மணி வரை வெளிச்சம் இருக்கும். ஹோட்டல் என்றால் அந்த நேரத்தில் நீங்கள் டார்செட்டின் ஒடுங்கிய கிராமத்துச் சாலையில் கார் வரிசையில் நின்றுகொண்டிருப்பீர்கள்.

இடமும் அப்படி. 17-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வேட்டை மாளிகையாகக் கட்டிய லல்வர்த் கோட்டை, 1929-ல் தீப்பிடித்து உள்ளே எல்லாம் எரிந்துபோனது. 2008-லிருந்து அதைச் சுற்றியுள்ள எஸ்டேட் புல்வெளியில்தான் இந்த விழா. மாலை வெயிலில் அந்த நான்கு வட்டக் கோபுரங்களைப் பார்ப்பதற்கே தங்கலாம்.

நிகழ்ச்சிப் பட்டியலை வைத்துத் திட்டம் போடாதீர்கள். ஒரு நாளைக்கு இரண்டு நிகழ்ச்சி பார்த்தால் பெரிய காரியம். உங்கள் விழா நன்றாக அமையுமா என்பதை இரவுத் தூக்கம்தான் தீர்மானிக்கும். அதனால் பணத்தை அதில் போடுங்கள்.

கோடைதானே என்று மெல்லிய போர்வையோடு போனால் மாட்டிக்கொள்வீர்கள். விடியற்காலையில் 10 டிகிரி பக்கம் இறங்குவது அங்கே சாதாரணம். அந்தக் குளிர் தரையிலிருந்து ஏறும். சாதாரணக் காற்று மெத்தை இதில் பெரிய ஏமாற்று: உள்ளே இருக்கும் காற்று சுழன்று சுழன்று உடம்புச் சூட்டைத் தரைக்குக் கொடுத்துக்கொண்டே இருக்கும். எங்கள் முதல் வருடத்தில் அது தெரியாமல், கொண்டுபோன துணி எல்லாவற்றையும் மாட்டிக்கொண்டு விடியும்வரை உட்கார்ந்திருந்தோம். மெத்தைக்கு மேல், உடம்புக்குக் கீழ், ஒரு ஃபோம் பாய் விரித்தால் போதும். தலைக்கு ஒரு கம்பளித் தொப்பி. ஐந்தரைக்கெல்லாம் சூரியன் வந்துவிடும் என்பதால் படுக்கும் அறைத் துணி இருட்டாக உள்ள கூடாரமாகப் பாருங்கள்.

குளிருகிறதே என்று அடுப்பையோ பார்பிக்யூ தட்டையோ கூடாரத்துக்குள் எடுத்துவராதீர்கள். அணைந்ததுபோல் தெரியும் கரியிலிருந்தும் கார்பன் மோனாக்சைடு வரும். அதற்கு மணமில்லை, தூக்கத்திலேயே ஆளைக் கொன்றுவிடும். வெளியே சமைக்கலாமா என்பதை அந்த வருட விதிமுறையில் பார்த்துக்கொள்ளுங்கள். முதல் நாளுக்குப் புளிச்சோறு கட்டிக்கொண்டு போங்கள். ஃபிரிட்ஜ் இல்லாமல் தாங்கும், கூடாரம் அடித்த களைப்பில் யாரும் வரிசையில் நிற்க வேண்டாம்.

அடுத்தது காது. வேலைத்தலக் கணக்கில் 85 டெசிபலை 8 மணி நேரம் கேட்கலாம். ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் அந்த நேரம் பாதியாகும்; 100 டெசிபலில் கால் மணி நேரம்தான். மேடைக்கு முன்னால் 100 எல்லாம் சர்வசாதாரணம், அந்தக் கணக்கும் பெரியவர்களுக்கானது. இரண்டு பிள்ளைகளுக்கும் காதை முழுதாக மூடும் ஹெட்போன் மாதிரியான காப்பு வாங்குங்கள். சின்னவருக்குக் காதுக்குள் செருகும் பஞ்சு வேண்டாம், வாய்க்குள் போய்விடும். காப்பு போட்டிருந்தாலும் ஸ்பீக்கருக்குப் பக்கத்தில் நிற்க வேண்டாம், கூட்டத்தின் பின்பக்கம் தள்ளி நில்லுங்கள்.

பெரிய சக்கரம் வைத்த டிராலி ஒன்று கட்டாயம். கார் நிறுத்துமிடத்திலிருந்து சாமான் இழுக்கும், இரவில் சின்னவருக்குக் கட்டிலாகும். சின்னச் சக்கரம் சேற்றில் நின்றுவிடும். இருவர் கைப்பட்டையிலும் உங்கள் போன் நம்பரை அழியாத மையில் எழுதிவிடுங்கள். பிள்ளை தொலைந்தால் எங்கே போய்ச் சொல்ல வேண்டும் என்பதை உள்ளே நுழைந்ததும் பெரியவருக்கு நேரில் காட்டுங்கள். உயரப் புல்லில் விளையாடிய நாளில் உண்ணி ஒட்டியிருக்கிறதா என்று முழங்கால் மடிப்பையும் கழுத்தையும் தடவிப் பாருங்கள்.

வியாழக்கிழமை வெளிச்சம் இருக்கும்போதே போய்ச் சேருங்கள். அதற்கு முன்னால் ஏதாவது ஒரு வெள்ளி இரவு, வீட்டுத் தோட்டத்தில் இதே கூடாரத்தில் நால்வரும் படுத்துப் பாருங்கள். மழை பெய்கிற இரவாக அமைந்தால் இன்னும் நல்லது.