கேள்வி–பதில்: கிடாரத்தருகே ஒரு கை

கேள்வி: வீடற்றோர் தங்கும் இல்லமொன்றின் சமையலறையில் ஞாயிறுதோறும் உதவ விரும்புகிறேன். பெருஞ்சமையல் தெரியாத நான் அங்கு பயன்படுவேனா?
– வாசகி, கிளிநொச்சி

பதில்: தாராளமாகப் பயன்படுவீர்கள். கிடாரத்தில் சோறு வடிப்பது பழகிய கைக்குரிய வேலை. மரக்கறி வெட்டவும் தேங்காய் துருவவும் பாத்திரம் கழுவவுந்தான் ஆள் போதாமலிருக்கும். ஒன்றில் மட்டும் கண்டிப்பாக இருங்கள். சமைத்த சோற்றை இரண்டு மணி நேரத்துக்கு மேல் வெளியில் விட்டால், கொதிநீரையும் தாங்கி எஞ்சும் நுண்ணுயிர் வித்துகள் முளைத்து நச்சை உண்டாக்கக்கூடும். அந்த நச்சோ மீண்டும் சூடாக்கினாலும் அழிவதில்லை. ஆகவே 60 பாகை செல்சியசுக்கு மேல் சூடாகவே வைத்திருங்கள். பிந்தி வருபவருக்கென்று காலைச் சோற்றை மூடி வைக்காதீர்கள். தேங்காய்ப்பால் விட்ட சொதியும் நமது வெயிலில் விரைவாகப் பழுதாகும்.

பரிமாறுவதுதான் இதைவிடக் கடினம். 2009 இல் போரால் இடம்பெயர்ந்தோர் வைக்கப்பட்டிருந்த செட்டிகுளம் முகாம்களில் சமைத்த உணவுக்காக வரிசையில் நின்ற நினைவு வன்னியில் பலருக்கு இன்னும் ஆறவில்லை என்பதால், முடிந்தவரை அமர்ந்திருப்பவரிடமே தட்டைக் கொண்டு சென்று, "இன்னும் கொஞ்சம் போடட்டா, அம்மா?" என்று கேளுங்கள். புகைப்படம் எடுக்க வருவோரை (கட்டாயம் வருவார்கள்) வெங்காயம் உரிக்க அனுப்பிவிடுங்கள்.